வேலையை விட்டு முழுநேர ஜிம் மாஸ்டர் ஆகலாமா? ஒரு வேளச்சேரிக் கணக்கு

சென்னை மடிப்பாக்கத்தில் குடியிருக்கும் 31 வயதுக்காரர். பெருங்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் பில்லிங் பிரிவில் வேலை, காலை 10 முதல் இரவு 7 வரை. கையில் வருவது மாதம் 41,000 ரூபாய். ஆபீஸுக்கு முன்னால், காலை 5.30 முதல் 8.30 வரை, வேளச்சேரியில் ஒரு ஜிம்மில் பகுதிநேர மாஸ்டர். மனைவி, மூன்று வயதுக் குழந்தை, வாடகை வீடு. குடும்பச் செலவு எப்படி இழுத்துப் பிடித்தாலும் 46,000. ஜிம் உரிமையாளர் இப்போது கேட்கிறார்: "முழுநேரமா வந்துடுங்களேன், ஃபிக்ஸட் 16,000 தர்றேன், பி.டி.யில பாதிக்குப் பாதி." பி.டி. என்றால் பர்சனல் ட்ரெய்னிங், ஒருவருக்குத் தனியாக நின்று சொல்லிக்கொடுப்பது.

இது ஒரே ஆளின் வாழ்க்கை அல்ல. இந்தத் தொழிலில் திரும்பத் திரும்ப வரும் நிலையை ஒரு கணக்காகக் கட்டி வைத்திருக்கிறோம். ஊருக்கு ஊர், ஜிம்முக்கு ஜிம் எண்கள் மாறும். உங்கள் எண்களைப் போட்டு அதே வரிசையில் கணக்குப் போட்டால் போதும்.

இப்போது வருவது எவ்வளவு

இவரிடம் ஐந்து பர்சனல் ட்ரெய்னிங் கிளையன்ட். வாரம் மூன்று நாள் என்று ஒருவருக்கு மாதம் 12 செஷன். கிளையன்ட் ஜிம்முக்குக் கட்டுவது 9,000, அதாவது செஷனுக்கு 750. மாஸ்டரின் பங்கு பாதி, 375. காகிதத்தில் 60 செஷன், 22,500 ரூபாய்.

ஆனால் பெரும்பாலான ஜிம்களில் காசு நடந்த செஷனுக்குத்தான். கிளையன்ட்டுக்குக் காய்ச்சல், ஆபீஸ் டூர், பிள்ளைக்குப் பரீட்சை, சொந்தத்தில் கல்யாணம் எல்லாம் போக 60க்கு 49 நடந்தால் நல்ல மாதம். 49 செஷனுக்கு 18,375. பெட்ரோல் 500 போனால் சுமார் 17,900 நிற்கும். சம்பளத்தோடு சேர்த்து 58,900.

சம்பளச் சீட்டில் கண்ணில் படாத இரண்டு வரவு உண்டு. நிறுவனம் போடும் பி.எஃப். பங்கு (15,000 உச்சவரம்பில் 12 சதவீதம்) 1,800. குடும்பம் மொத்தத்துக்கும் இருக்கும் குரூப் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். அதே அளவு பாலிசியை வெளியில் தனியாக எடுக்க மாதக் கணக்கில் 1,500 என்று வைக்கலாம். ஆக இவர் விட்டுவிட்டுப் போகப்போகும் வாழ்க்கையின் விலை 62,200 ரூபாய். முழுநேரம் இதைத் தாண்ட வேண்டும்.

எல்லாரும் போடும் தப்புக் கணக்கு

"மூணு மணி நேரத்துக்கே 18,000 வருது. ஒன்பது மணி நேரம் நின்னா 54,000. ஃபிக்ஸட் 16,000 சேர்த்தா 70,000." ராஜினாமாக் கடிதம் எழுத வைப்பது இந்தப் பெருக்கல்தான்.

ஜிம்மில் எல்லா மணி நேரமும் ஒரே விலைக்குப் போவதில்லை. காசு கட்டிப் பயிற்சி எடுக்கிற ஆள் வேலைக்குப் போகிறவர். அவர் வருவது காலை 5.30க்கும் 9க்கும் நடுவில், இல்லையென்றால் மாலை 6க்கும் 9க்கும் நடுவில். 11 முதல் 4 வரை ஏசியை அணைத்துவிட்டு ரிசப்ஷனில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். பகுதிநேர மாஸ்டர் ஏற்கெனவே காலையின் நல்ல மூன்று மணி நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேலையை விட்டால் அவருக்குப் புதிதாகக் கிடைப்பது காலையில் ஒன்றிரண்டு ஸ்லாட், மாலையில் நான்கு. மற்றதெல்லாம் ஃப்ளோர் டியூட்டி: புது மெம்பருக்கு மிஷின் காட்டுவது, சிதறிக் கிடக்கும் ப்ளேட்டை எடுத்து ஸ்டாண்டில் மாட்டுவது, ட்ரயல் வந்தவரிடம் பேசுவது. அதற்குத்தான் அந்த 16,000.

மாலை ஸ்லாட்டும் காலியாகக் காத்திருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இரண்டு, மூன்று மாஸ்டர் இருக்கிறார்கள். மாலை கிளையன்ட் காலை கிளையன்ட்டைவிட அதிகம் தவறுவார். ஆபீஸ் மீட்டிங் நீளும், ஓ.எம்.ஆர். டிராஃபிக் நிற்கும், ஏழு மணிக்கு "சாரி மாஸ்டர்" என்று வாட்ஸ்அப் வரும்.

எத்தனை கிளையன்ட் வேண்டும்

ஒரு கிளையன்ட்டால் மாதம் வருவது: 12 செஷனில் 82 சதவீதம் நடந்தால் 9.84, பெருக்கல் 375, அதாவது 3,690. ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் வர பெட்ரோல் 1,000. 62,200ஐ எட்ட, 16,000 போக 47,200 பி.டி.யிலிருந்து வர வேண்டும். 3,690ஆல் வகுத்தால் 12.8. பதின்மூன்று கிளையன்ட், ஒரு மாதம் மட்டுமல்ல, எல்லா மாதமும்.

காலை நல்ல ஸ்லாட் நான்கு, 9.30க்கு ஒன்று, மாலை நான்கு என ஒன்பது. திங்கள், புதன், வெள்ளி ஒருவர். செவ்வாய், வியாழன், சனி இன்னொருவர் என்று ஒரு ஸ்லாட்டுக்கு இருவர். ஆக 18 பேர் உச்சம். 13 பேர் என்றால் நாளைக்கு ஆறரை செஷன். முடியாதது இல்லை.

முடியாமல் போவது எங்கே என்றால் பேக்கேஜில். மாசக் கடைசியில் டார்கெட் நெருக்கும்போது சேல்ஸ் ஆள் மூன்று மாதப் பேக்கேஜை, 36 செஷன், 27,000க்குப் பதில் 21,600க்கு விற்றுவிடுவார். செஷன் 600 ஆகிவிட்டது. மாஸ்டரின் பாதி 300. டிஸ்கவுன்ட் கொடுத்தது அவர்கள், குறைந்தது இவர் பங்கு. 300 என்று வைத்தால் ஒரு கிளையன்ட்டால் வருவது 2,952. இப்போது 16 பேர் வேண்டும், நாளைக்கு எட்டு செஷன், உச்சத்துக்கு இரண்டே பேர் பாக்கி. ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாததால் 13 என்பது 16 ஆகிறது. போதாததற்கு, கிளையன்ட் 20 செஷனோடு நின்றுவிட்டால் மீதி 16 செஷனுக்கான காசு ஜிம்மிடம் தங்கிவிடும். மாஸ்டருக்கு அதில் ஒரு ரூபாயும் வராது.

அதனால் உரிமையாளரிடம் ஃபிக்ஸடை 18,000 ஆக்கச் சொல்லிக் கெஞ்சுவதைவிட, டிஸ்கவுன்ட் கொடுத்தாலும் மாஸ்டரின் பங்கைப் பட்டியல் விலையில்தான் கணக்கிட வேண்டும் என்று எழுதி வாங்குவது மேல். முடியாவிட்டால் செஷனுக்குக் குறைந்தது 350 என்று ஒரு அடித்தளம். மாதம் 60 செஷனுக்கு மேல் போனால் பங்கு 60 சதவீதம். புது ட்ரயல் யாருக்குப் போகும் என்பதற்கு ஒரு முறை. சம்பளம் எந்தத் தேதியில். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. உண்டா. வாயால் சொன்னது போதாது, லெட்டர்ஹெட்டில் வேண்டும். "நம்ம ஜிம்தானே, எழுதிக்கிட்டா இருப்போம்" என்று சொல்லும் இடத்தில் கட்டாயம் எழுதி வாங்குங்கள்.

13 பேர் சேரும்வரை

ஐந்து பேரோடு போய், விட்டுப்போகிறவர்கள் போக மாதம் ஒருவர் கூடினால் 13ஐத் தொட எட்டு மாதம். முதல் மாதமே ஆறாவது ஆள் வந்துவிட்டார் என்று வைத்தாலும், இதற்குள் இப்போதைய 62,200 ரூபாயோடு ஒப்பிட்டால் இழப்பது சுமார் 1 லட்சம். கைக்காசுக் குறைச்சல் அவ்வளவு இல்லை: பெட்ரோலும் இனி தானே கட்டும் 1,500 இன்ஷூரன்ஸும் போக, குடும்பச் செலவு 46,000க்கு முதல் மூன்று மாதம்தான் பற்றாது, மொத்தம் ஏறக்குறைய 20,000.

இது வளர்ச்சி ஒழுங்காக இருந்தால். அக்டோபரில் சேர்கிறார் என்று வையுங்கள். வடகிழக்குப் பருவமழை, வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும். தீபாவளி வாரம் யாரும் வரமாட்டார்கள். கார்த்திகையில் மாலை போட்டவர்கள் 48 நாள் ஜிம்மை நிறுத்திவைப்பார்கள். மூன்று மாதமும் ஆறு கிளையன்ட்டிலேயே நின்று, வருகை 70 சதவீதத்துக்கு இறங்கினால் கையில் நிற்பது மாதம் 32,400. குறைச்சல் மாதம் 13,600, மூன்று மாதத்தில் 40,800. அதே ஆள் ஜனவரியில் சேர்ந்தால் புத்தாண்டுக் கூட்டம் தானாக வரும். ஜூனில் பள்ளி திறந்தபின் அம்மாக்கள் வருவார்கள். மார்ச், ஏப்ரலில் பரீட்சை, மே மாதம் ஊர். எந்த மாதத்தில் ராஜினாமா செய்கிறோம் என்பதற்கே ஒரு விலை இருக்கிறது.

நான்கு மாதச் செலவு, அதாவது 1,84,000, தனிக் கணக்கில் இல்லாமல் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். சொந்தமாக உடற்பயிற்சி செய்யும்போது வரும் உற்சாகத்தை இந்தப் பணத்துக்குப் பதிலாக வைக்கிறவர்கள்தான் ஆறாம் மாதம் புரோட்டீன் பவுடர் விற்க ஆரம்பிக்கிறார்கள்.

பகுதிநேரத்துக்கும் ஒரு குறை உண்டு

பகுதிநேரமே பத்திரம் என்று முடிவுகட்ட வேண்டாம். அதன் பலவீனம் கடிகாரத்தில் இருக்கிறது.

5.30 ஸ்லாட்டில் 54 வயதுப் பெண்மணி, சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர். 5.40க்கு வருகிறார், வெறும் வயிற்றில், சர்க்கரை போடாத காப்பி ஒரு டம்ளர். இரண்டாவது செட் ஸ்குவாட் முடியும்போது நெற்றியில் வியர்வை, விரல் நடுக்கம், கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறது. அங்கேயே நிறுத்தி உட்கார வைக்க வேண்டும். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது உள்ளே போக வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 108தான். தனியாக ஸ்கூட்டியில் அனுப்பக்கூடாது. வீட்டிலிருந்து யாராவது வரும்வரை மாஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்குள் மணி 6.50. ஆறரை மணி கிளையன்ட் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டே வாட்ச்சைப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் 7.30 ஆளும் வந்துவிடுவார். முழுநேர மாஸ்டர் என்றால் ஒரு செஷனை 9.30க்குத் தள்ளலாம். பகுதிநேரக்காரருக்கு 8.30க்குப் பின் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒரு கிளையன்ட்டுக்கு அன்று அரை செஷன்தான். மாதத்தில் இரண்டு முறை இப்படி நடந்தால் அவர் ரின்யூ செய்யமாட்டார்.

தீர்வு எளிது. செஷன் 50 நிமிடம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்கு முன் உடல்நிலையைக் கேட்கும் பார்-க்யூ ப்ளஸ் கேள்வித்தாளைச் சேரும்போதே நிரப்ப வைக்க வேண்டும். இதயம், சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று டிக் விழுந்தால் டாக்டர் கடிதம். இன்சுலின் அல்லது சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர் பயிற்சிக்கு முன் பார்க்கும்போது 90க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும், அதற்குப் பின்தான் பயிற்சி. இவர்களை 5.30க்குப் போடாமல் கடைசி ஸ்லாட்டில் வைத்தால் காலை உணவோடு வருவார்கள். 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரர்கள் இருக்கும் நாட்டில் காசு கட்டி மாஸ்டர் வைத்துக்கொள்கிறவர்களில் இவர்கள் வராமல் இருக்கமாட்டார்கள்.

உடம்புக் கணக்கு தனி. முழுநேரம் என்றால் 4.30க்கு எழுந்து இரவு 10க்கு வீடு. பகலில் மூன்று மணி நேரம் தூங்கினால்தான் தாங்கும். குழந்தை விழித்திருக்கும் நேரத்தில் அப்பா ஜிம்மில் இருப்பார். பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டும். கிளையன்ட்டுக்காகத் தரையிலிருந்து 20 கிலோ ப்ளேட்டை நாளெல்லாம் தூக்கிய முதுகுக்குத் தன் சொந்த டெட்லிஃப்டுக்குத் தெம்பிருக்காது.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தால்?

ஜிம்மே வேண்டாம், தனியாகச் செய்யலாம் என்ற மூன்றாவது வழி காகிதத்தில் மிக அழகாக இருக்கும். 12 செஷனுக்கு 12,000, முழுதும் கைக்கு. அட்வான்ஸாக வாங்கி, 12 மணி நேரத்துக்கு முன் சொல்லாத ரத்துக்குச் செஷனைக் கழித்துவிடலாம். ஏழு கிளையன்ட் கிடைத்து, அதே 82 சதவீதம் நடந்தால் 69 செஷன், 69,000.

அடிக்கும் இடம் பயணம். வேளச்சேரியிலிருந்து அடையாறு, அங்கிருந்து திருவான்மியூர் என்று போனால் ஒரு செஷன் ஒன்றரை மணி நேரத்தைத் தின்னும். காலையில் மூன்று, மாலையில் இரண்டு, அவ்வளவுதான். ஆள் பிடித்துத் தர யாரும் இல்லை. ஜிம்மின் கிளையன்ட்டை வெளியில் இழுத்துக்கொண்டு போவது ஒப்பந்தத்தையும் மீறும், வட்டாரத்தில் பேரையும் கெடுக்கும்.

இதை ஓரளவு நேர் செய்வது அபார்ட்மென்ட். ஓ.எம்.ஆர்., மேடவாக்கம் பக்கம் பெரிய குடியிருப்புகளில் கிளப் ஹவுஸ் ஜிம் இருக்கும், மாஸ்டர் இருக்கமாட்டார். அசோசியேஷனிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, ஒரே வளாகத்தில் நான்கு பேரை அடுத்தடுத்து வைத்தால் பயணம் பூஜ்யம். இவருக்கு வேலையை விடாமலே சனி, ஞாயிறில் இதைத் தொடங்கிப் பார்க்க வழி இருக்கிறது.

பகல் ஓட்டையை அடைக்க ஆன்லைன் ஒன்றும் உண்டு. லண்டன் தமிழருக்குக் காலை 6.30 என்பது குளிர்காலத்தில் நமக்குப் பகல் 12, கோடையில் 11. ஜிம் தூங்கும் நேரத்தில் அவர்கள் விழிக்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் சேர ஆறு மாதம் ஆகலாம். 13இல் இதைச் சேர்த்து எண்ணக்கூடாது.

பெண் பயிற்சியாளர் என்றால் இந்தக் கட்டுரையின் ஸ்லாட் கணக்கே மாறும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 9.30 முதல் 12 வரை வருகிறவர்கள் பெண் மாஸ்டரைத்தான் கேட்பார்கள். ஆண்களுக்குச் செத்துக் கிடக்கும் நேரம் அவர்களுக்கு உயிருள்ள நேரம். இரவு 9.30க்கு மேல் தங்காமலே நாளைக்கு ஆறு செஷன் நிரப்பலாம். 23 வயது, அப்பா வீட்டில் சாப்பாடு, இப்போதைய சம்பளம் 18,000 என்பவருக்கும் முடிவு வேறு: நேராக முழுநேரம் போகலாம். இரண்டு வருட ஃப்ளோர் டியூட்டி கற்றுத்தருவதை எந்த கோர்ஸும் தராது.

இவருக்கு என்ன முடிவு

இப்போது வேண்டாம், பத்து மாதம் கழித்து.

பத்து மாதம் என்பது கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக்காக. நிறுவனத்தில் 4 வருடம் 2 மாதம் ஆகிறது. ஐந்து வருடம் முடிந்தால் அடிப்படைச் சம்பளம் 20,000 × 15 ÷ 26 × 5, அதாவது 57,692 ரூபாய். இதை விட்டுவிட்டு அவசரப்பட ஜிம்மில் எந்தக் காரணமும் இல்லை.

அதற்குள் முடிக்க வேண்டிய வேலை நிறைய. முதலில் ஆபீஸ் நியமனக் கடிதத்தில் வேறு வேலை பற்றிய ஷரத்தைப் படித்து எச்.ஆரிடம் எழுத்தில் அனுமதி. அரசு ஊழியர் என்றால் அனுமதியில்லாமல் ஒரு செஷன்கூட எடுக்கக்கூடாது, நடத்தை விதி நேரடியாகவே தடுக்கிறது.

அடுத்தது சான்றிதழ். இவரிடம் இருப்பது ஜிம் நடத்திய ஒரு வாரப் பயிற்சியின் தாள். ஏ.சி.இ., என்.ஏ.எஸ்.எம். போன்ற அமெரிக்க அமைப்புகள் தரும் பயிற்சியாளர் சான்றிதழ்களில் ஒன்று வேண்டும். ஏ.சி.இ. தேர்வு 150 கேள்வி, மூன்று மணி நேரம், 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி, சி.பி.ஆர். சான்றிதழும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 20 மணி நேரத் தொடர்கல்வியோடு புதுப்பிக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது ஃபீஸ் கட்டுவது சுலபம், படிக்கத்தான் நேரமில்லை; விட்டபின் நேரமிருக்கும், ஃபீஸ் இடிக்கும். பத்து மாதம் இதற்குச் சரியான அளவு.

இன்ஷூரன்ஸை ராஜினாமாவுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே எடுக்க வேண்டும். புது பாலிசியில் விபத்து தவிர்த்த எதற்கும் முதல் 30 நாள் கிளெய்ம் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்பு இருக்கலாம்.

மாலைச் சோதனை ஒன்று இருக்கிறது, ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. இருக்கும் லீவில் இரண்டு வாரம் எடுத்து, ஊருக்குப் போகாமல், அதே ஜிம்மில் காலை மாலை இரண்டு ஷிஃப்டும் நின்று பார்ப்பது. உடம்பு தாங்குகிறதா, வீடு தாங்குகிறதா, மாலையில் உண்மையிலேயே எத்தனை பேர் விசாரிக்கிறார்கள் என்பது அந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

பத்தாவது மாதம் பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. காலை ஆறு இடமும் தொடர்ந்து மூன்று மாதம் நிரம்பி, ஏழாவது ஆள் இடத்துக்குக் காத்திருக்கிறாரா. போட்ட செஷனில் 80 சதவீதத்துக்கு மேல் நடக்கிறதா. மூன்று மாதம் முடித்தவர்களில் பாதிக்கு மேல் மறுபடி பணம் கட்டினார்களா. 1,84,000 சேர்ந்ததா. இவற்றில் மூன்றாவதுதான் முக்கியம். ரின்யூவல் பாதிக்குக் கீழே என்றால் முழுநேரம் போனாலும் மாதம் ஒருவரைச் சேர்க்க இரண்டு பேரைப் பிடிக்க வேண்டியிருக்கும். அது பயிற்சியாளர் வேலை அல்ல, சேல்ஸ் வேலை. அந்த நிலையில் பகுதிநேரமாகவே இன்னும் ஒரு வருடம் ஓட்டி, ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் அளவு எடுக்காததுதான் காரணம்: நான்கு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, தூக்கும் எடை, படியேறினால் மூச்சு வாங்குவது ஆகியவற்றை எழுதிக் காட்டாவிட்டால் கிளையன்ட்டுக்குத் தன் காசு எங்கே போனது என்று தெரியாது.

நான்கும் சரி என்றால் 60 நாள் நோட்டீஸை டிசம்பர் நடுவில் முடியும்படி கொடுக்க வேண்டும், ஜனவரிக் கூட்டத்துக்கு மாலை ஸ்லாட்டில் நிற்க. பத்து மாதம் முடியும் தேதி ஏப்ரலிலோ மேயிலோ விழுந்தால் காத்திருந்து ஜூனுக்குப் போவது மேல். நோட்டீஸ் கொடுத்த அன்றே ஆறு கிளையன்ட்டுக்கும் புது நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்; சர்க்கரைக்கார அம்மாவை 9.30க்கு மாற்றினால் அவருக்கும் நல்லது, 5.30 ஸ்லாட்டும் விற்பனைக்குக் காலியாகும்.

சேர்ந்த ஆறாம் மாதக் கடைசியில் கிளையன்ட் பத்துக்குக் கீழே நின்றால் பழைய துறையிலேயே விண்ணப்பிக்கத் தொடங்கலாம். பில்லிங் வேலையில் ஆறு மாத இடைவெளியை இன்டர்வியூவில் சொல்லிச் சமாளிக்க முடியும், இரண்டு வருடத்தைச் சமாளிப்பது கஷ்டம். காலை மூன்று மணி நேரம் அப்போதும் கையில் இருக்கும். அதை மட்டும் ஜிம்மிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம்.